வெள்ளவத்தை ஓலைக் கடை: இடியப்பத் தட்டுக்கு நூறு புள்ளி, நீத்துப்பெட்டிக்கு முட்டை

மூன்று மாதமாக ஓலைப் பொருட்கள் விற்கிற இந்தக் கடைக்குப் போய் வருகிறேன், ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதவில்லை. கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்று நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கிற ஓலைக் கூடை) கதைக்கு வரும்போது விளங்கும். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது, வாசலில் கடகம் (பெரிய ஓலைக் கூடை) தொங்கும்.

முதலில் இடியப்பத் தட்டு. 2023 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்குத் தடை, ஸ்ட்ரோ, கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை எல்லாவற்றோடும் சேர்த்து. தடை வந்த பிறகும் எங்கள் வீட்டில் பழைய நீலத் தட்டுகளைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தோம், பொய் சொல்வானேன். இந்தக் கடையில் ஈர்க்கில் பின்னிய தட்டு ஒன்று 130 ரூபா, இருபது வாங்கினேன். பின்னல் நெருக்கமாக, விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கிறது. அவித்த இடியப்பம் ஒட்டாமல் கழன்று வருகிறது, அந்த நீலத் தட்டில் எப்போதும் அடியில் தேங்கி நிற்கிற தண்ணீர் இதில் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கழுவி வெயிலில் காயவிடாமல் அடுக்கினால் கொழும்புப் புழுக்கத்துக்கு இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். எனக்கு நாலு தட்டு அப்படிப் போனது, பிழை என்னுடையது.

பனங்கட்டியும் நல்லது, குட்டான் என்கிற சின்ன ஓலைப் பெட்டியோடு வருகிறது. ஆனால் அந்த ஓலைக் குட்டானை ஒரு பொலித்தீன் பையில் போட்டு ஒட்டியிருந்தார்கள், பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டால், கடற்காற்று ஈரத்துக்குப் பனங்கட்டி கசிந்து ஓடுகிறது, வேறு வழி தெரியவில்லை என்றார்கள். சரி, வீட்டுக்குக் கொண்டுவந்து போத்தலில் போட்டேன்.

இனி நீத்துப்பெட்டி. 950 ரூபா, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட ஓலை, அடி தட்டையாக, ராக்கையில் பூச்சாடி மாதிரி நிமிர்ந்து நிற்கும். படம் எடுத்தால் அழகு. அம்மா அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை முடைஞ்சவளுக்குப் புட்டு அவிக்கத் தெரியும், முடையச் சொன்னவனுக்குத் தெரியாது" என்றார். நான் கேட்கவில்லை. நீத்துப்பெட்டி கூம்பாக இருப்பதே பானை வாய்க்குள் இறுகி உட்கார்ந்து ஆவியை முழுக்க மேலே இழுக்கத்தான். தட்டை அடி பானையில் உட்காரவில்லை, ஒரு பக்கம் ஆவி பாய்ந்து போனது, நடுவில் மா வேகவில்லை, அதோடு ஓரப் புட்டெல்லாம் ரோஸ் நிறம். அப்படியே கொட்டினோம்.

திருப்பிக் கொண்டு போனேன். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன், ஆனால் கடையில் இருந்த பிள்ளை முடைகிற அக்காவுக்கே போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த அக்கா சொன்னது: "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள் தங்கச்சி, சாயம் போட்டால் சமையலுக்கு ஆகாது, அடி இப்பிடி வரக்கூடாது எண்டு. படம் அனுப்பினவை, அப்பிடியே வேணும் எண்டவை." படம் அனுப்பியது கொழும்பில் இருக்கிற ஒரு டிசைனராம்.

கடைச் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் இருக்கிறது, "உயிரியல் பொருளாதாரம், உள்ளூர்ச் சமூகங்களே எங்கள் பங்குதாரர்கள்" என்று. உயிரியல் பொருளாதாரம் என்றால் மரம், செடி தருவதை வைத்துப் பொருள் செய்து விற்பது. பங்குதாரர் என்றால் இலாபத்தில் பங்கு உண்டா என்று கேட்டேன். இலாபத்தில் இல்லை, தட்டின் 130 ரூபாவில் 85 முடைந்தவருக்குப் போகிறது என்றாள் கடைப் பிள்ளை. மோசமில்லை. ஆனால் என் கேள்வி காசைப் பற்றி மட்டும் இல்லை. ஓலைத் தொழில் ஒன்றும் போஸ்டர் அடித்தபோது பிறக்கவில்லை. அரசின் பனை அபிவிருத்திச் சபை வந்தே 1978இல், யாழ்ப்பாணத்துக் கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்று நிறுவனமே இருக்கிறது, அதற்கெல்லாம் முன்னால் எங்கள் அப்பம்மா வேலியில் உக்கிய ஓலையைத் தோட்டத்து மண்ணுக்குள் தாட்டுப் பசளையாக்கினவர். தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கும்போது, அவர்கள் "இது சரிவராது" என்று சொன்ன பிறகும் படத்தின்படியே செய்யச் சொன்னால் அந்தச் சுவர் வசனத்துக்கு என்ன பொருள்? 2021இல் நாடு முழுக்கச் சேதனப் பசளை (இயற்கை உரம்) மட்டும்தான் என்று ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, வயலில் நிற்கிறவனைக் கேட்காமல். விளைச்சல் விழுந்து, விவசாயிகள் வீதிக்கு வந்து, நவம்பரில் தடையைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. சேதனப் பசளை கெட்டது என்று நான் சொல்லவில்லை, அப்பம்மாவின் பேத்தி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு நீத்துப்பெட்டிக்கு இவ்வளவு பேச்சா என்று அம்மாவும் கேட்டார், ஆனால் வருத்தம் ஒன்றுதான், அளவு மட்டும் வேறு.

கடைக்கு நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 950 ரூபாவையும் கையில் திருப்பித் தந்தார்கள். இரண்டு கிழமை கழித்துப் போனபோது சாயப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் "அலங்காரத்துக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டியிருந்தது, கீழ் ராக்கையில் சாயமில்லாத கூம்பு நீத்துப்பெட்டி, 600 ரூபா. வாங்கினேன். புட்டு பஞ்சு மாதிரி வருகிறது, புது ஓலை வாசத்தோடு. அம்மா இரண்டாவது ஒன்று வாங்கி வரச் சொல்லிவிட்டார், மாமி வீட்டுக்கு.

தேங்காய்த் தும்புத் தூளை அமுக்கிய கட்டியும் விற்கிறார்கள், பல்கனிச் செடிக்கு. இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுப் பாவியுங்கள், லேபலில் அதை எழுதவில்லை, என் பச்சை மிளகாய்க் கன்று அதில்தான் வாடியது. கமுகமட்டைத் தட்டு பரவாயில்லை, குழம்பு ஊற்றினால் அரை மணித்தியாலம் தாங்கும்.

கடகம் பெரிய அளவில் வேண்டுமென்றால் முற்பணம் கட்டிச் சொல்லிவைக்க வேண்டும், மூன்று கிழமை பிடிக்கும். தை, மாசியில் முற்பதிவு எடுப்பதில்லை. அது பனங்கிழங்கு கிண்டி, அதை ஒடியலாகக் காயவிடுகிற காலம், அந்த நேரம் பெட்டிக்கு உட்கார மாட்டோம் என்று முடைகிற பெண்களே சொல்லிவிட்டார்களாம், கடையும் சரி என்றுவிட்டது.