ஏரி நீச்சலுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், முக்கியமாகக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, போச்சம்பள்ளி பக்கத்து ஏரி ஒன்றில் நடந்த போட்டியில் நான் கலந்துகொண்டேன். நான் உயிரோடு கரை ஏறியதற்கு அந்த ஏரியில் மீன் பிடிக்கும் ஒரு பெரியவர்தான் காரணம். போட்டி நடத்தியவர்கள் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் தண்ணீருக்குப் புதியவள் இல்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் நிலத்துக் கிணற்றில், ஏழு வயதில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா இறக்கிவிட்டார். அப்படிப் பழகிய நீச்சல். இப்போது 39 வயது, அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இந்தப் போட்டிக்காக எட்டு மாதம் உழைத்தேன். சனி, ஞாயிறு பஸ் பிடித்து ஓசூர் போய் நீச்சல் குளத்தில் பயிற்சி, விடியற்காலையில் ராயக்கோட்டை சாலையில் சைக்கிள், சாயங்காலம் பள்ளி மைதானத்தில் ஓட்டம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒலிம்பிக்கில் நடக்கும் டிரையத்லான் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இடையில் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். அதில் சரிபாதி தூரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். நான் கட்டியது ஸ்பிரிண்டுக்கு, 3,800 ரூபாய்.

அந்தப் பணத்துக்கு அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதிகளின் ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு மீட்புப் படகுகள். பயிற்சி பெற்ற பன்னிரண்டு உயிர்காப்பாளர்கள். நூறு மீட்டருக்கு ஒரு மிதவை. தண்ணீர்ப் பரிசோதனைச் சான்றிதழ். காலில் கட்டும் டைமிங் சிப். ஆம்புலன்ஸ். ஏரியை முன்கூட்டியே பார்க்கலாமா என்று கேட்டேன். "பாதுகாப்புக் காரணங்களுக்காக அனுமதி இல்லை மேடம்" என்று பதில் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் ஏரியே கண்ணுக்குத் தெரியவில்லை. தை மாதப் பனி, தண்ணீருக்கு மேல் வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது. படகு ஒன்றே ஒன்று. அதன் மோட்டாரை ஒரு பையன் கயிறு இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், கடைசிவரை அது உறுமவே இல்லை. உயிர்காப்பாளர்கள் என்று டிஷர்ட் போட்ட இரண்டு பேர் கரையில் லாரி டியூபோடு நின்றார்கள். சிப் வரவில்லையாம், மார்க்கரில் கையில் எண் எழுதிவிட்டார்கள். மிதவை எங்கே என்று கேட்டேன். பனிக்குள் கையைக் காட்டினார்கள். கல்லில் கட்டி மிதக்கவிட்ட மஞ்சள் எண்ணெய் கேன்கள் அவை என்று பிறகுதான் தெரிந்தது. மொத்தம் மூன்று.

பனி விலகட்டும் என்று நாலைந்து பேர் சொன்னோம். சிறப்பு விருந்தினருக்கு நேரமாகிறது என்று ஆறே முக்காலுக்கு ஹாரனை அடித்துவிட்டார்கள். முறையான போட்டிகளில் வயது வாரியாகவோ வேகம் வாரியாகவோ குழுக்களாகப் பிரித்து, இடைவெளி விட்டு இறக்குவார்கள். இங்கே நூறு பேருக்குக் குறையாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று இறங்கினால் உடம்பு தானாகவே மூச்சை இழுக்கும், நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய குதிகால் என் முகத்தில் பட்டு நீச்சல் கண்ணாடி கழன்றது. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது. சேறும் பாசியும் கலந்த அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சமாளித்தேன். கிணற்றில் அப்பா சொல்லிக்கொடுத்தது அது.

பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கேனும் தெரியவில்லை. முன்னால் போன சத்தத்தை வைத்து நீந்தினேன். இருநூறு, முந்நூறு மீட்டர் போயிருப்பேன். வலது காலை உதைத்தேன், அது வரவில்லை. முதலில் கொடி என்று நினைத்தேன். இன்னொரு முறை உதைத்ததும் கணுக்காலைச் சுற்றி நூல் போல ஒன்று அறுத்தது. தங்கூசி வலை, மெல்லிய நைலான் நூலில் பின்னிய மீன் வலை. தண்ணீருக்குள் அது கண்ணுக்கே தெரியாது. குனிந்து விரலால் தடவினேன். ஒரு கண்ணியை விலக்கினால் இன்னொரு கண்ணி விரலில் மாட்டியது. குனியும்போதெல்லாம் தலை உள்ளே போனது. கையைத் தூக்கி ஆட்டினேன், கத்தினேன். உதவி வேண்டும் என்றால் ஒரு கையை உயர்த்துங்கள் என்று காலையில் மைக்கில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பனியில் என் கையை யார் பார்ப்பது?

பார்த்தது பரிசலில் வந்த அந்தப் பெரியவர். துடுப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் பரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. "ஆடாதம்மா, ஆட ஆட இறுகும். பரிசல் ஓரத்தைப் புடிச்சுக்கோ, காலைத் தளர விடு" என்றார். பிடித்துக்கொண்டேன். கவிழ்ந்து படுத்து, தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டு, மீன் அறுக்கும் கத்தியால் வலையை என் காலைச் சுற்றி வெட்டினார். அவருடைய சொந்த வலை அது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் கூலிக்கு மீன் பிடிக்கிறவர், முந்தைய நாள் ராத்திரி வழக்கம்போல வலை விரித்திருக்கிறார். இங்கே போட்டி நடக்கிறது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. காலையில் மைக் சத்தம் கேட்டுப் பதறி, வலையைச் சுருட்ட ஓடி வந்திருக்கிறார்.

படகையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறுவது டிரையத்லான் விதிப்படி தவறில்லை, அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். அதனால் நீந்தியே முடிக்கிறேன் என்றேன். "சரிம்மா, நான் பக்கத்துலயே வர்றேன்" என்று பரிசலை என் வேகத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் திசை தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பையன்களையும் "தம்பி, கரை இந்தப் பக்கம்" என்று குரல் கொடுத்து எங்களோடு சேர்த்துக்கொண்டார். நான்கு படகும் பன்னிரண்டு உயிர்காப்பாளர்களும் செய்ய வேண்டிய வேலையை அவர் ஒருவர் செய்தார்.

கரையில் யாரும் என் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. விரல்கள் விறைத்து ஹெல்மெட் கொக்கியைப் போட முடியவில்லை, என் மகள்தான் ஓடிவந்து மாட்டிவிட்டாள். நிறுத்திவிடலாம் என்று அவள் சொன்னாள். எட்டு மாத உழைப்பு, மூச்சு சீராக இருந்தது, போகிறேன் என்றேன். அது சரியான முடிவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சைக்கிள் பாதையில் பாதித் தூரம் ரோட்டில் கொள்ளும் கேழ்வரகும் காயப்போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், தை மாதத்தில் நம் பக்கம் எல்லா ரோடும் களம்தான். ஒரு நாள் முன்பு ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒதுக்கிக் கொடுத்திருப்பார்கள். கொள்ளுச் சருகில் டயர் வழுக்கி மூன்று பேர் என் கண் முன்னால் விழுந்தார்கள். ஏரிக்கரை ஓட்டத்தில் வைத்திருந்த ஒரே தண்ணீர் கேனும் நான் போகும்போது காலி. குழாயடியில் நின்ற ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். என் கைக்கடிகாரப்படி 2 மணி 6 நிமிடத்தில் முடித்தேன்.

எனக்குத் தாங்க முடியாத விஷயம் அதன் பிறகு நடந்தது. ஒரு தாய் தன் பையனைக் காணோம் என்று அழுதுகொண்டே அலைந்தார். முதலாம் ஆண்டு கல்லூரிப் பையன். மேடையில் இருந்தவரிடம் போய், தண்ணீரில் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டேன். "எல்லாரும் வந்துட்டாங்க மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். பட்டியலே இல்லை. அந்தப் பையன் எதிர்க்கரையில், மதகுப் பக்கம், வாந்தி எடுத்துவிட்டு முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். கண்டுபிடித்ததும் அதே பெரியவர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு படித்தேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதயம் திடீரென்று நின்றுபோன சம்பவங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. மூன்றில் இரண்டு பங்கு. தண்ணீர்ப் பகுதிதான் இந்த விளையாட்டில் ஆபத்தானது என்று உலகத்துக்கே தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேன் நதித் தண்ணீரின் தரம் சரியில்லை என்று ஆண்கள் டிரையத்லானை ஜூலை 30-ஆம் தேதியிலிருந்து மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். இங்கே பனிக்காக அரை மணி நேரம் காத்திருக்க மனமில்லை.

தண்ணீர்ச் சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். நான்கு முறை கேட்ட பிறகு அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் ஏதோ போர்வெல் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை, இரண்டு வருடம் பழையது. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி ஓடும் படங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக நம் பக்கத்து ஏரிகள் பலவற்றுக்கு வருகிறது. இந்த ஏரிக்கு என்ன தண்ணீர் வந்தது என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எனக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. கணுக்காலில் வலை அறுத்த கோடு இன்னும் மறையவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் எல்லாம் உங்கள் பொறுப்பு என்று இருக்கிறது, வேண்டுமானால் அடுத்த போட்டிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போட்டேன். நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அன்று கலந்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் விளம்பரம், பணம் கட்டிய ரசீது, கடிகாரப் பதிவு, டாக்டர் சீட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். நீங்களும் மனு போடுங்கள்.

புதிதாகப் பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் நேராக அந்த ஏரிக்குப் போங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். மீன் குத்தகைக்காரர் யார் என்று டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். வலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா, வண்டல் மண் எடுத்த குழி எங்கே, சீமைக்கருவேல முட்டு எங்கே என்று அவரிடம் கேளுங்கள். நடத்துகிறவர்களிடம் நீர்வளத் துறை, காவல் துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் எண்ணப் போவது யார், பனியோ மின்னலோ வந்தால் போட்டியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, இந்த இரண்டுக்கும் ஆளைக் கைகாட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

அடுத்த வாரம் வலைக் காசு கொடுக்கப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வாங்க மறுத்தார். "உயிருக்கு முன்னாடி வலை என்னம்மா" என்றார். அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அடுத்த போட்டிக்கு விளம்பரம் வந்திருக்கிறது. அதில் என் படத்தைப் போட்டிருக்கிறார்கள், என்னிடம் கேட்கவில்லை. பனிக்குள் நான் நீந்துகிறேன், பக்கத்தில் பரிசல் வருகிறது, கீழே "முழுமையான மீட்புக் குழு" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பரிசல் அவர்களுடையது இல்லை. படத்தை எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். இதை எழுதும் இந்த ராத்திரிவரை எடுக்கவில்லை.