மொனிட்டர் கேமை விஆரில் விளையாட: வோர்ப்எக்ஸுக்குக் காசு கொடுக்கலாமா?

மொனிட்டருக்கென்று செய்த கேமை விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டுக்குள் கொண்டுபோக அதிகம் பேர் எடுப்பது இரண்டு சொஃப்ட்வெயர்களை. வோர்ப்எக்ஸ் சுமார் 40 டொலர், இலங்கைக் காசில் 12,000 ரூபாவுக்குக் கிட்ட வரும். யூஈவிஆர் இலவசம், 2024 ஜனவரியில் வெளியானது. இரண்டும் விண்டோஸில்தான் ஓடும். உங்களிடம் இருக்கிற கேம் அன்ரியல் எஞ்சினில் (கேம் செய்யப் பயன்படும் ஒரு மென்பொருள்) செய்ததென்றால் முதலில் யூஈவிஆரைப் போட்டுப் பாருங்கள். காசு கொடுக்கிற கதை அதற்குப் பிறகு.

அன்ரியலுக்குள் விஆருக்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கேமைச் செய்தவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள், யூஈவிஆர் அதைத் தட்டி எழுப்புகிறது. அதனால் ஆழம் உண்மையான ஆழம். தலையை முன்னே நீட்டி மேசைக்குக் கீழே எட்டிப் பார்க்கவும் முடியும். எஞ்சினின் 4.8 முதல் 5.4 வரையான பதிப்புகளில் வந்த பெரும்பாலான கேம்கள் ஓடும்.

போடுகிற முறை சுலபம். ஹெட்செட்டைக் கணினியோடு இணைத்து, கேமைத் திறந்து முதல் மெனு வரை போங்கள். பிறகு யூஈவிஆரின் இன்ஜெக்டரை (ஓடுகிற கேமுக்குள் யூஈவிஆரைச் செருகும் புரோகிராம்) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஹெட்செட்டோடு பேசும் முறையாக ஓபன்எக்ஸ்ஆரைத் தெரிவுசெய்து, பட்டியலில் கேமின் பெயரைப் பிடித்து இன்ஜெக்ட் கொடுங்கள். உள்ளே போனதும் இன்சர்ட் பட்டன் மெனுவைத் திறக்கும். கேம் அப்படியே மூடிக்கொண்டால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று: பிரேம் ஜெனரேஷன் (இடைப் படங்களைத் தானே உருவாக்கும் செட்டிங்) ஓனில் கிடக்கிறது, எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் செட்டிங்) ஓனில் கிடக்கிறது, அல்லது கேமின் மேல் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) காட்டுகிற வேறொரு ஓவர்லே குறுக்கே நிற்கிறது. அன்ட்டிவைரஸ் இன்ஜெக்டரையே தூக்கி எறிவதும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் நிழலோ வெளிச்சமோ பிசகினால் ‘நேட்டிவ் ஸ்டீரியோ’வை விட்டு ‘சிங்க்ரனைஸ்ட் சீக்குவென்ஷியல்’ முறைக்கு மாற்றுங்கள். படம் சரியாகும், ஆனால் கண்கள் இரண்டையும் மாறி மாறி வரைவதால் வேகம் நன்றாகக் குறையும்.

வோர்ப்எக்ஸ் வேறு ரகம். அன்ரியல் அல்லாத கேம்கள், டிரெக்ட்எக்ஸ் 9 காலத்துப் பழைய கேம்கள் என்று அதன் வீச்சு பெரிது. விலைக்கு நியாயம் இருப்பதும் அங்கேதான். ஜியோமெட்ரி முறையில் காட்சியை இரண்டு முறை வரைகிறது. ஆழம் அருமை, வேகம் பாதிக்குக் கிட்ட விழும். இசட்-பஃபர் முறை ஒரே படத்தை ஆழத் தகவலை வைத்து இரண்டாக்குகிறது. வேகம் அவ்வளவு போகாது, ஆனால் துப்பாக்கியின் ஓரத்தில், ஆளின் தலையைச் சுற்றி, இழுத்துப் பூசியது மாதிரி ஒரு விளிம்பு தெரியும். அது ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு அதுவேதான் தெரிந்துகொண்டிருக்கும்.

வோர்ப்எக்ஸைக் குறை சொல்கிறவர்களில் பலர் அளவுகளைச் சரிசெய்யாமல் தலைசுற்றிப்போய் எழுதுகிறவர்கள். முழு விஆர் முறைக்கு கேமின் ரெசலூஷனை 4:3 விகிதத்தில், உதாரணமாக 1600 × 1200இல் வையுங்கள். டிலீட் பட்டனை அழுத்தி மெனுவைத் திறந்து டிரெக்ட்விஆர் ஸ்கேனை ஓட விடுங்கள், பல கேம்களில் பார்வைக் கோணத்தை அதுவே திருத்தும். ஸ்கேன் கைகொடுக்காத கேமில் தலை அசைவு மௌஸ் அசைவாகத்தான் போகிறது. ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு தலையை இடம் வலம் ஆட்டுங்கள். தூண் தலையோடு சேர்ந்து வந்தால் சென்சிட்டிவிட்டி குறைவு, எதிர்ப்பக்கம் ஓடினால் அதிகம். தூண் அதே இடத்தில் நிற்கும்வரை திருத்துங்கள். கேமின் செட்டிங்ஸில் மௌஸ் ஸ்மூதிங், மோஷன் பிளர், டெப்த் ஒஃப் ஃபீல்ட் மூன்றையும் நிறுத்துங்கள்.

ரீவி கமரா கோணத்தில் ஓடுகிற கிரிக்கெட், மேலிருந்து பார்க்கிற போர் கேம்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கேமை ஒரு பெரிய திரையில் காட்டுகிற வோர்ப்எக்ஸின் சினிமா முறையே போதும். அதற்காக மட்டும் வாங்குவதென்றால் வாங்கவே வேண்டாம், கணினிப் படத்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும் ஸ்டீம் லிங்க் அதே பெரிய திரையைச் சும்மா தருகிறது. ஒன்லைன் போட்டி கேம்களில் இரண்டையுமே தொடாதீர்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இதையும் ஏமாற்று வேலையாகவே பார்க்கும், கணக்குப் போனால் போனதுதான்.

கிராபிக்ஸ் கார்ட்டில் சிக்கனம் பார்க்க முடியாது. மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் சாதாரண 1920 × 1080 திரையைப் போல நான்கு மடங்குக்கு மேல். 4 ஜிபி கார்ட் உள்ள லெப்டொப்பில் பழைய கேம்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புதிய அன்ரியல் கேமுக்கு 8 ஜிபியாவது வேண்டும்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பல வீடுகளில் கணினியிலிருந்து வைஃபை வழியாக ஹெட்செட்டுக்கு வரும் படம் விக்குவதற்குக் காரணம் சொஃப்ட்வெயர் அல்ல, ரவுட்டர். 4ஜி சிம் போடுகிற மலிவான ரவுட்டர்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே. ஹெட்செட்டுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் தேவை, ரவுட்டரும் அதே அறையில் இருக்க வேண்டும், கணினியிலிருந்து ரவுட்டருக்கு வயர் போக வேண்டும். கணினியும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றில் இரண்டு தரம் போய்வருகிற கணக்கு. இன்டர்நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டேட்டாவும் போகாது. ரவுட்டரை மாற்ற முடியாவிட்டால் யூஎஸ்பி 3 கேபிள்.

கரண்டை நம்பாமல் யூபிஎஸ் வாங்குகிறவர்கள் வொட்ஸைப் பாருங்கள். 650 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 360 வொட்ஸ் அளவுதான் தாங்கும். விஆர் ஓடுகிறபோது கணினி அதைத் தாண்டினால், கரண்ட் போன கணமே யூபிஎஸ்ஸும் சேர்ந்து போய்விடும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபேன் இல்லாமல் ஹெட்செட் போட முடியாது, ஆனால் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நின்று கை தூக்குகிற கேம் வேண்டாம். கதிரையில் இருந்து கேம்பேடில் விளையாடுங்கள். வியர்வை பட்ட லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஸ்பிரிட் ஆகாது. மாரியில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் வையுங்கள். யன்னலோரம் லென்ஸ் வெளியே பார்க்க வைத்தால் வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து உள்ளே டிஸ்ப்ளேயைச் சுட்டுவிடும், அந்தப் புள்ளி பிறகு மாறாது.