தண்ணீராக வரும் சளி: கரைப்பதா, வடிப்பதா?

அம்மாவுக்கு மூச்சுக்குழாய் விரிவு நோய் என்று சி.டி. ஸ்கேனில் தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. சின்ன வயதில் வந்த டிபி, இடது நுரையீரலின் அடிப்பகுதியைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அங்கே குழாய்கள் தளர்ந்து பை மாதிரி ஆகிவிட்டதால், சளியை மேலே தள்ள வழியில்லாமல் தேங்குகிறது. தினமும் காலையில் தண்ணீர் மாதிரியான சளி அரை டம்ளர் துப்புவார்.

அதற்கு முன் பல வருடம் சிரப்தான். போன இடத்திலெல்லாம் சளியைக் கரைக்கும் மருந்தையே எழுதினார்கள். ஆம்ப்ராக்ஸால், அசிட்டைல்சிஸ்டீன் எல்லாம் கெட்டிச் சளியை இளக்குபவை. ஏற்கெனவே தண்ணீராக இருப்பதை இன்னும் எதற்கு இளக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. கரைப்பது எப்போதும் நல்லதும் இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, சளி மிகவும் கெட்டியாகும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு உதவும் டார்னேஸ் ஆல்பா என்ற சளி இளக்கும் மருந்து, அந்த நோய் இல்லாத மூச்சுக்குழாய் விரிவில் நிலைமையை மோசமாக்கியது என்று 1998-ல் வந்த ஆய்வே காட்டிவிட்டது.

அடுத்தது நெபுலைசரில் 3% உப்புநீர். கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் சளிக்கு இது நல்ல வழி. சிலருக்கு மூச்சு இறுகும் என்பதால் முதல் தடவை மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பராமரிப்புதான் எங்களைத் தோற்கடித்தது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கிண்ணத்தைக் கழற்றிச் சோப்புநீரில் கழுவி, காற்றில் முழுசாக உலரவிட வேண்டும். அவ்வப்போது கிருமி நீக்க வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும். நான் வேலைக்கு ஓடும் அவசரத்தில், ஈரம் காயாத கிண்ணத்தை இரண்டு நாள் அப்படியே மூடி வைத்திருந்தேன். திறந்தபோது உள்ளே வழவழப்பு. சூடோமோனாஸ் மாதிரியான கிருமிகளுக்கு ஈரம் பிடித்த இடம். அதைப் பழுதுபட்ட நுரையீரலுக்குள் நாமே ஊதி அனுப்புவதை நினைத்தாலே பயமாக இருந்தது.

அதனால் நாங்கள் நிலைத்தது வடிப்பதில். அம்மா வலது பக்கமாகப் படுப்பார். பழுதான இடது பக்கம் மேலே இருக்கும், தேங்கியது பெரிய குழாய்க்கு இறங்கி வரும். கொஞ்ச நேரம் சாதாரண மூச்சு, பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி பிடித்துவைத்து விடுவது. கடைசியில் வாயைத் திறந்து ஓர் ஊதல். "அம்மா, இருமாதீங்க. கண்ணாடியில ஆவி படியற மாதிரி 'ஹா'ன்னு விடுங்க" என்றுதான் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். வறட்டு இருமல் அரை மணி நேரத்தில் கொண்டுவராததை இரண்டு ஊதல் கொண்டுவந்தது. காலையில் வெறும் வயிற்றில், மாலையில் சாப்பாட்டுக்கு முன்னால், பதினைந்து நிமிடம். கழுவ ஒன்றும் இல்லை, கரண்ட் வேண்டாம், நான் வீட்டில் இல்லாவிட்டாலும் நடக்கும். தலையைத் தாழ்த்திப் படுக்கும் பழைய முறை மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு.

ஊதினால் அதிரும் சின்னக் கருவியையும் பார்த்தோம். பத்தே நாள்தான் பயன்படுத்தினோம் என்பதால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாரத்துக்கு மூன்று நாள் கொடுப்பது, அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு அதைக் குறைக்கும் என்று 2012-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் ஈசிஜியும் சளிப் பரிசோதனையும் பார்த்துவிட்டு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று, வடிப்பது எல்லாருக்கும் பொருந்தாது. படுத்தால் மூச்சு முட்டி, இளஞ்சிவப்பு நுரையாக வந்தால் அது இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். பூச்சிமருந்து உள்ளே போய் நீராகக் கொட்டினாலும் அப்படியே. சீழே இல்லாமல் தெளிவாக ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் வந்து, நிமோனியா என்று சொன்ன நிழல் எக்ஸ்ரேயில் கரையாமலே நின்றால், ஒருவகை நுரையீரல் புற்றுநோயையும் தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம், ரத்தம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அம்மா அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளையில்தான் துப்புகிறார். சற்று நேரம் வைத்தால் மேலே நுரை, நடுவே தண்ணீர், அடியில் மஞ்சள் சீழ் என மூன்று அடுக்காகப் பிரியும். நாங்கள் பார்ப்பது அடி அடுக்கைத்தான். போன மாதம் அது பச்சையாகித் தடித்தது, காய்ச்சலும் வந்தது. எந்தக் கிருமி என்று பார்க்கச் சளியைக் கல்ச்சருக்குக் கொடுத்து 14 நாள் ஆன்டிபயாடிக் எடுத்தோம். அந்த நாட்களிலும் காலையில் வலது பக்கமாகப் படுப்பதை அம்மா விடவில்லை.