பாம்பன் காற்றில் பாட்டு: இயர்போனா, ஹெல்மெட் செட்டா, ஸ்பீக்கரா?

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை பைக்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போக மூன்று வழி உண்டு: காதில் செருகும் இயர்போன், ஹெல்மெட்டுக்குள் ஒட்டும் ப்ளூடூத் செட், ஹேண்டில்பாரில் கட்டும் ஸ்பீக்கர். கடையில் எல்லோரும் விலையையும் பேட்டரியையும் விசாரிப்பார்கள். இந்தக் கரையில் ஓட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றை.

ஸ்பீக்கர் கதை சின்னது. வேகம் நாற்பதைத் தாண்டினால் ஓட்டுகிறவருக்குக் கேட்காது, ஊருக்குத்தான் கேட்கும். உச்சிப்புளி கடைத்தெருவில் கெத்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான். காதுக்கு எது நல்லது என்றால் பலரும் ஹெல்மெட் செட் என்பார்கள். வேகம் ஏறினால் அப்படியில்லை. சுமார் 65 கி.மீ.க்கு மேல் என்ஜின் சத்தத்தைக் காற்றிரைச்சல் விழுங்கிவிடும். நூறில் ஹெல்மெட்டுக்குள்ளேயே 95 டெசிபலைத் தொடும். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை பரவாயில்லை. மூன்று டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். செட்டின் ஸ்பீக்கர் காதுக்கு வெளியே இருப்பதால், அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டை ஏற்றியாக வேண்டும். இயர்போனின் ரப்பர் முனை காற்றை அடைத்துவிடும். பாதி வால்யூமே போதும். காதை மட்டும் கணக்கில் எடுத்தால் இயர்போன்தான் ஜெயிக்கும்.

ஆனால் அது ஹாரனையும் சேர்த்தல்லவா அடைக்கிறது? 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று சீசனில் ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது காற்று வலப்பக்கம் அறையும். வண்டியை அந்தப் பக்கமே லேசாகச் சாய்த்து ஓட்டுவோம். பின்னால் வரும் பஸ் வலது பக்கம் ஏறியதும் காற்று சட்டென்று நிற்கும், சாய்த்த வண்டி பஸ்ஸை நோக்கி இழுக்கும். பஸ் தாண்டியதும் மறுபடி ஓர் அறை. பஸ் வருவது முன்கூட்டியே காதில் விழுந்தால்தான் கை தயாராகும். போதாததற்குப் பாலத்து ஓரமெல்லாம் ரயில் பார்க்க நிற்கும் கூட்டம். சாயல்குடி, ஏர்வாடிப் பக்கம் சீமைக்கருவேலத்திலிருந்து ஆடுகள் பாய்வது தனிக் கதை.

என் ஓட்டு ஹெல்மெட் செட்டுக்கு: வேகம் ஐம்பது, அறுபது, பாலம் வந்தால் பாட்டு கட். அந்த வேகத்திலும் பேஸ் (அடிக்குரல் ஒலி) காற்றோடு போய்விடும், குரலும் நாதஸ்வரமும் தப்பிக்கும். பாட்டு மாற்ற கிளவுஸ் கையால் பட்டனைத் தட்டினால் போதும். போனைக் கையில் எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 184-ஆம் பிரிவில் வழக்கு வரும். செட் வாங்கும் முன் ஹெல்மெட்டில் காதுப் பக்கம் குழி இருக்கிறதா பாருங்கள். இல்லாததில் அரை மணியில் காது மடல் வலிக்கும். அதற்காக உள்ளே தெர்மோகோலைச் சுரண்டாதீர்கள், அடிபட்டால் தலையைக் காப்பது அதுதான்.

இயர்போன்தான் இருக்கிறது என்றால் இடது காதில் மட்டும். வலது காது பஸ்ஸுக்கு. ஒயர் இல்லாத ரகம் ஹெல்மெட்டைக் கழற்றும்போது கூடவே வந்து விழும். அரிச்சல்முனை மணலில் விழுந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டாமல் பையில் போடுங்கள். பைக் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்தது. செட்டின் சார்ஜிங் ஓட்டைக்கு ரப்பர் மூடி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், இங்கே உப்புக்காற்று இரும்பையே தின்னும்.