புவிசார் குறியீடு ஒட்டிய மட்டிப் பழம் வாங்குவோர் கவனத்திற்கு

கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்திற்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததில் நம் மாவட்டத்தாருக்கு உண்டான மகிழ்ச்சி இப்போது சிலருக்கு வியாபாரத் தந்திரமாகிவிட்டது என்பதை வருத்தத்தோடு தெரிவிக்கிறேன்.

சென்னையிலிருக்கும் என் மகள், தன் குழந்தைக்கு முதன்முதலாக மசித்துக் கொடுக்க மட்டிப் பழம் கேட்டிருந்தாள். நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையோரக் கடையொன்றில், புவிசார் குறியீடு பெற்றது என்று அச்சிட்ட ஒட்டுவில்லையுடன் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்து, வடசேரிச் சந்தை விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். "நேரா விளையிலேருந்து வாறது சார்" என்றார் கடைக்காரர். கூடுதல் பணம் பயிரிட்டவரைச் சேருமென்றால் மனமுவந்து கொடுப்பவன் நான், கொடுத்தேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் ஒரு சீப்பைக் கையிலெடுத்த அம்மா, "இது மட்டி இல்ல மக்களே, ரசகதலியாக்கும்" என்றார். மட்டிப் பழம் ஒழுங்கின்றி வளைந்து, நுனி பறவையின் அலகு போல நீண்டிருக்கும். பெட்டியில் இருந்தவையோ நேராக, நுனி மழுங்கி இருந்தன. தோல் முழுவதும் ஒரே மஞ்சள், காம்பு மட்டும் கடும்பச்சை, உரித்தால் மணமே இல்லை. தடை செய்யப்பட்ட கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தார்களா என்று என்னால் நிரூபிக்க இயலாது. ஆனாலும் பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்தனுப்ப மனம் ஒப்பவில்லை.

திரும்பக் கொண்டு சென்றபோது, ஒட்டுவில்லை பெட்டியோடு வந்தது, தமக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். ரசீதில் 'பழம்' என்று மட்டுமே எழுதியிருந்தது.

1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, சென்னையிலுள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்ட விவசாயிக்கோ வியாபாரிக்கோதான் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உண்டே தவிர, அச்சகத்தில் ஒட்டுவில்லை அடித்துக்கொள்கிறவர்களுக்கு அல்ல. ஆகவே கூடுதல் விலை கேட்டால், விளைவித்தவர் யார், பதிவு எண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். ரசீதில் 'கன்னியாகுமரி மட்டி' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் சாதாரண விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். இப்படி ஏமாந்தவர்கள் அடுத்த முறை உண்மையான மட்டிக்கும் பேரம் பேசத் தொடங்குவார்கள்; கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் பாடுபட்டுக் குலை வெட்டுகிறவருக்குத்தான் அந்த நட்டம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே போன்ற பெட்டி வாங்கியவர்கள் அதைத் தூக்கி எறியாமல், ரசீதோடும் பழத்தின் படத்தோடும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.