மட்டக்களப்பில் சனிக்கிழமைச் சட்ட வகுப்பு: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையை ஒட்டிய மண்டபமொன்றில் சனிக்கிழமை மாலைகளில் கட்டணமின்றி நடத்தப்படும் மனித உரிமைச் சட்ட வகுப்புக்கு நான் ஐந்து வாரங்கள் தொடர்ந்து சென்றேன். முதலிரு வாரங்கள் அடிப்படைச் சொற்களை விளக்குவதில் கழிந்தன. மூன்றாவது வாரம் நீதியரசர் தோமஸ் பேர்கெந்தாலைப் பற்றியது; அந்த ஒரு வகுப்புக்காகவே இதை எழுதுகிறேன்.

1934இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த யூதச் சிறுவனான அவர், 1944இல், பத்து வயதில், நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே தாயிடமிருந்தும் பின்னர் தந்தையிடமிருந்தும் பிரிக்கப்பட்டார். 1945 ஜனவரியில் கைதிகளைக் கடுங்குளிரில் நடத்திச் சென்ற மரண அணிவகுப்பிலும் அவர் உயிர் பிழைத்தார், தந்தையோ கொல்லப்பட்டார். மகன் உயிரோடிருப்பான் என்று நம்பித் தேடிக்கொண்டிருந்த தாயை அவர் மீண்டும் கண்டது 1946 டிசம்பரில்தான். இனப்படுகொலையிலிருந்து மீண்டவர் சட்டம் கற்று, அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்திலும் பின்னர் சர்வதேச நீதிமன்றத்திலும் நீதியரசராக இருந்தார்.

இவ்வளவையும் கால்மணி நேரத்தில் கூறிவிட்டு, விரிவுரையாளர் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் கையில் எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்தது விரிவுரையாளரின் இந்த முடிவே. 1981இல் ஹொண்டுராஸில் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட மன்ஃப்ரெடோ வெலாஸ்கெஸ் என்ற மாணவரின் வழக்கை விசாரித்த அமர்வில் பேர்கெந்தாலும் இருந்தார். காணாமலாக்கப்பட்டவருக்கு நேர்ந்தது தெரியாதிருக்கும் வரை, அதை விசாரிக்கும் அரசின் கடமையும் தொடர்கிறது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதால் அக்கடமை தீர்ந்துவிடாது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட மாவட்டத்தில் அமர்ந்து இதைக் கேட்பது எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தாயை இழந்து தவித்த சிறுவன் பிறர் தம் பிள்ளைகளைத் தேடும் உரிமையைச் சட்டமாக்கத் துணைநின்றான் என்பதை, அந்தத் தீர்ப்பைப் பந்தி பந்தியாக வாசித்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

குறைகளும் உள்ளன. கையேட்டின் தமிழ் கரடுமுரடானது. சில பந்திகளை மூன்று முறை வாசித்தும் எனக்குப் பொருள் பிடிபடவில்லை. ஒலிவாங்கி இல்லாததால் பின்வரிசையினருக்குப் பாதிதான் கேட்கிறது. இவற்றிலும் பெரிய குறை, வகுப்பு நேரம். மாலை ஆறு மணிக்கு முடிகின்ற வகுப்பிலிருந்து வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்குத் திரும்பிச் செல்லப் பேருந்து கிடைப்பது அரிது. அதனால், யாருக்காக இவ்வகுப்பு மிகவும் தேவையோ காணாமலாக்கப்பட்டோரின் அந்தத் தாய்மாரில் பலர் வர முடியாதிருக்கின்றனர். வந்திருந்த ஓர் அம்மா, அரசின் கடமை தொடர்கிறது என்று கூறும் தீர்ப்பின் பந்தியைப் பிரதியெடுத்துத் தமது பழைய முறைப்பாட்டுக் கடிதங்களுடன் சேர்த்து வைத்துக்கொண்டார். வகுப்பைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றுமாறு ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. செல்பவர்கள் நீங்களும் கேளுங்கள்.