துருவக்கரடி காட்டுகிறோம் என்று 640,000 ரூபாவை விழுங்கினார்கள் – வன்னி ஆட்கள் கவனம்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் பின்னேரம் வவுனியாவில் ஒரு ட்ராவல்ஸின் பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டரை மணித்தியாலம் நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். போனது 640,000 ரூபா. மோட்டார் சைக்கிள் விற்றது, சீட்டைக் கழிவுக்கு எடுத்தது, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது எல்லாம் சேர்ந்த காசு.

பெயரை எழுதவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், இப்போதைக்கு எழுதாதே என்கிறார் அத்தான். கமரா பிடிக்கிற பெடியங்களுக்கு வெளிநாட்டு ‘போட்டோ டூர்’ விற்கிற இடம். மாடியில் ஒரு அறை, கண்ணாடிக் கதவு, ஏசி. அவ்வளவுதான் சொல்வேன்.

கரடி பார்க்க ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போன பெரியப்பாவின் தோளில் கரடி கிழித்த தழும்பைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் கரடி கறுப்பு. நோர்வேயிலிருந்து சித்தி அனுப்பிய கலண்டர் ஒன்றில் வெள்ளைக் கரடி ஐஸ் மேல் நடந்துகொண்டிருந்தது. இடம்பெயர்ந்தபோது கலண்டர் போய்விட்டது, கரடி மட்டும் மண்டைக்குள் தங்கிவிட்டது.

கமரா பிடிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம்தான். பிறந்தநாள், சாமத்திய வீடு என்று போய்ச் சேர்த்த காசில் வாங்கிய பழைய கமரா, 300 மில்லிமீற்றர் வரை போகும் லென்ஸ். பனியைப் படம் எடுத்தால் கமராவின் வெளிச்சம் அளக்கிற மீற்றர் ஏமாந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி எடுக்க வேண்டும் என்று வாசித்தேன். வன்னியில் பனிக்கு எங்கே போவது? ஆனையிறவு உப்பளத்துக்குப் போனேன். உப்புக் குவியல், பக்கத்தில் வெள்ளைக் கொக்கு, மேலே கொளுத்தும் வெயில். மூன்று மாதம், ஒரு ஞாயிறு தவறாமல். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்றதும் முல்லைத்தீவில் மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடத்தில் கெஞ்சி, ஐஸ் பெட்டிக்குள் கமராவை வைத்துப் பார்த்தேன். வெளியே எடுத்த உடனே லென்ஸ் முழுக்க நீர் பூத்தது. பைக்குள் இறுக்கிக் கட்டி, வெளிச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது என்று அங்கேதான் படித்தேன். சிரிக்காதீர்கள்.

ஜனவரியில் விலை கேட்டு வரலாம் என்றுதான் அந்த மாடிக்கு ஏறினேன். அங்கே இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சேர்ட். கீழ்க் கடையிலிருந்து தேத்தண்ணி வந்தது. விலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. “தம்பி, எடுத்த படம் ஏதும் கொண்டுவந்தனீங்களோ?” என்றார். போனில் பதினான்கு படம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை. கொக்குப் படம் வந்ததும் விரலை நிறுத்தினார்.

“வெள்ளைக்குள்ள வெள்ளையைப் பிரிச்சு எடுத்திருக்கிறீங்கள். செட்டையில இறகு இறகாத் தெரியுது. பனி உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.”

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். வீட்டில் படத்தைக் காட்டினால் “வடிவா இருக்கு” என்பார்கள், பார்க்காமலே. சாமத்திய வீட்டுக்காரர் “பிள்ளையின்ர முகம் வெள்ளையா வரேல்லை” என்பார்கள். அந்த இறகுக்காக நான் உப்பு வெயிலில் கிடந்ததை ஒருவர் கண்டுபிடித்துச் சொல்கிறார். அதற்குப் பிறகு அவர் நிலாவுக்கு டிக்கெட் என்று சொல்லியிருந்தாலும் காசு கொடுத்திருப்பேன். “எனக்கு இதை அனுப்பிவிடுங்கோ, பெரிசாப் போட்டு ஒஃபிசில மாட்டவேணும்” என்றார். சுருக்காமல் முழு அளவில் அனுப்பினேன், மடையன்.

சுவரில் அவருடைய படம் ஒன்று இருந்தது. நோர்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளின் லோங்யேர்பியன் ஊர் எல்லையில், முக்கோணப் பலகையில் வெள்ளைக் கரடி வரைந்த அந்தப் பிரபலமான எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறார். எங்கள் வீதிகளில் யானைப் பலகை நிற்கிற மாதிரி என்று இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது யோசித்தால், பலகையின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, அவர் முகத்திலோ வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருகிறது. வெளிச்சத்தைப் படிக்கிறேன் என்று திரிகிறவன் அதைப் பார்க்கவில்லை.

ஜூலையில் ஏழு நாள், சின்னக் கப்பல், 50 மீற்றரில் கரடி, எல்லாம் சேர்த்து 15 லட்சம், முற்பணம் 640,000 ரூபா என்றார். “ஸ்வால்பார்ட்டுக்கு விசாவே தேவையில்லை தம்பி, 1920ஆம் ஆண்டு ஒப்பந்தம். இடையில தங்கிற பேப்பருக்குக் கொழும்பில நோர்வே எம்பசியில எனக்கு ஆள் இருக்கு.” சித்தி நோர்வேயில் இருப்பதையும் என் வாயாலேயே வாங்கிவிட்டு, “பிறகென்ன” என்றார்.

பெப்ரவரியில் காசைக் கட்டினேன். கடன்காரன் மாதிரி இரண்டு தரம் எண்ணினார்கள். கொடுத்தது காபன் கொப்பித் துண்டு. அதில் ஆங்கிலத்தில் ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது என்று சின்ன எழுத்தில் இருந்ததை நான் வாசித்தது ஆறு மாதம் கழித்து. பொலிஸில் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் “இது சிவில் விசயம் போல கிடக்கு, சட்டத்தரணி ஒராளைப் பிடிக்கப் பாருங்கோ” என்றார்கள்.

அப்புறம் தொடங்கியது. “ஃபைல் போயிட்டுது.” “சேர் மீட்டிங்கில.” “சேர் கொழும்பு.” “அடுத்த செவ்வாய் எடுங்கோ.” எத்தனை செவ்வாய் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மே மாதத்தில் நேரே போனபோதும் தேத்தண்ணி வந்தது. அதே தேத்தண்ணி, அதே ‘தம்பி’. படத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. ஜூனில் ஒரு குரல் பதிவு அனுப்பினார், அழிக்காமல் வைத்திருக்கிறேன்: “தம்பி, உலகம் சூடாகிப் போச்சு, ஐஸ் எல்லாம் உருகுதாம், கரடி தூரப் போட்டுதாம். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? டிசம்பருக்கு மாத்திறன். வானத்தில பச்சை வெளிச்சமும் போனஸ். இல்லாட்டி துபாய் பக்கேஜ் தரட்டே?”

கோடையில் ஐஸ் வடக்கே பின்வாங்குவது உண்மைதான். பொய்க்குள் உண்மையை அளவாகப் போடத் தெரிந்த ஆள். ஆனால் டிசம்பர் என்றதும்தான் எனக்கு உறைத்தது. லோங்யேர்பியனில் ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. டிசம்பரில் நண்பகலிலும் இருட்டு. அந்த இருட்டில் என்னுடைய லென்ஸை வைத்துக்கொண்டு நான் எந்தக் கரடியை எடுப்பது?

அன்றிரவே சித்தப்பாவுக்கு எடுத்தேன். அவர் ஏசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஸ்வால்பார்ட்டுக்கு விசா இல்லை என்பது சரி, ஆனால் ஒஸ்லோ வழியாகத்தானே அங்கே போக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும், அதுவும் இரண்டு தரம் நுழையக்கூடியது, ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே என்பதால் திரும்பி வருவதும் ஒரு நுழைவுதான் என்றார். “கைரேகை குடுத்தனியோ?” என்று கேட்டார். ஐந்து மாதமாக என்னை யாரும் கைரேகைக்குக் கூப்பிடவே இல்லை. கடைசியாக, “கொழும்பில நோர்வே எம்பசியை 2023லயே பூட்டிட்டாங்களேடா” என்றார். பூட்டிய எம்பசியில் அவருக்கு ஆள் இருந்திருக்கிறது!

பிறகு ஒவ்வொன்றாகத் தேடினேன். 2025 ஜனவரியிலிருந்து ஸ்வால்பார்ட்டில் கரடிக்கு 300 மீற்றருக்குள் போகக்கூடாது, மார்ச் தொடக்கம் ஜூன் முடியும்வரை 500 மீற்றர். 50 மீற்றர் என்றால் சட்ட மீறல். 300 மீற்றரில் என் லென்ஸால் எடுத்தால் இரண்டரை மீற்றர் நீளக் கரடி படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட வரும். காசு கொடுக்க முதல் இந்தக் கணக்கை ஐந்து நிமிடத்தில் போட்டிருக்கலாம்.

நேற்று பூட்டிய கதவடியில் இன்னொருவரும் நின்றார், முல்லைத்தீவுப் பக்கத்து ஆசிரியர். கனடாவில் சேர்ச்சில் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு கரடி பார்க்க 380,000 கட்டியிருக்கிறார். வின்னிபெக் நகரில் இறங்கி வான் பிடித்து வீதியால் போகலாம் என்றார்களாம். சேர்ச்சிலுக்கு வீதியே கிடையாது, ரயில் அல்லது விமானம்தான். உங்களை எப்படிப் பிடித்தான் சேர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “மகளின்ர பரதநாட்டிய வீடியோவைப் பாத்துக் கண் கலங்கினவன்” என்றார். இரண்டு பேரும் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

இன்று காலை அந்த ட்ராவல்ஸின் இணையப் பக்கத்தில் புது விளம்பரம். கதவு பூட்டு, விளம்பரம் மட்டும் ஓடுகிறது. ‘ஆர்க்டிக் அழைக்கிறது’. பனிமலை அடிவாரத்தில் கரடி நிற்கிறது. பனிமலை என்னுடைய உப்புக் குவியல். ஆனையிறவு உப்பு. கரடியை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மூலையில் என் கொக்கு அப்படியே நிற்கிறது, இறகு இறகாக. அதைக்கூட அழிக்க மெனக்கெடவில்லை. கீழே 86 பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் அத்தான் சொல்லையும் மீறி எழுதுகிறேன்.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. சுருக்கமாக: ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அங்கேயே வாசியுங்கள். எம்பசியில் ஆள் இருக்கு என்றால் எழும்பி வாருங்கள். கப்பல் என்றால் கப்பலின் பெயரைக் கேட்டு, கப்பல்காரருக்கே எழுதிக் கேளுங்கள். முழு அளவுப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தக் கொக்கு விளம்பரத்தைப் பார்த்தால் அது ஆர்க்டிக் இல்லை என்று கீழே எழுதிவிடுங்கள்.

இதே இடத்தில் காசு கட்டிய வேறு யாரும் இருந்தால் தகவல் அனுப்புங்கள், திங்கட்கிழமை ஆசிரியரும் நானும் திரும்பப் பொலிஸுக்குப் போகிறோம். 640,000 ரூபா. அம்மாவுக்கு இன்னும் 240,000 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

படலையில் சீட்டுக்கார அக்கா கூப்பிடுகிறா. மிச்சம் பிறகு.